கணக்கைக் காட்டச் சொன்னவர்

டூரிங் என்றதும் தேனிப் பக்கத்துத் தோழர்களுக்குக் கீற்றுக் கொட்டகையும், மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த நாளும் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வந்தது அந்த டூரிங் அல்ல. ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயர். 1912-ல் பிறந்து, 1954-ல் நாற்பத்திரண்டு வயது நிரம்பும் முன்பே மறைந்தவர். இன்று வங்கியிலே, ரயில் நிலையத்திலே, ரேஷன் கடையிலே, மருத்துவமனையிலே, ஏன், நம் சட்டைப் பையிலேகூடக் குடியிருக்கிறதே கம்ப்யூட்டர் என்னும் பொறி, அதற்கு அறிவுலகில் அடித்தளம் போட்டவர்களிலே முதல் வரிசைக்காரர்.

அவரைப் பற்றி எழுதுவோர், அவர் பகைவரின் மறைமொழியை உடைத்த கதையை எழுதுவர். எந்திரம் சிந்திக்குமா என்று அவர் எழுப்பிய வினாவை எழுதுவர். நாம் எழுத வந்தது அவர் வாழ்விலே மூன்றே பக்கம் இடம் பிடித்த வேறொரு செயல். காரணம் உண்டு. பெரியகுளத்துப் படிப்பகத்திலே தோழர்கள் நம்மை மடக்கிக் கேட்டார்கள். கணக்குத் தப்பு என்று ஏழை சொல்கிறான்; பொறி சரியாகத்தான் காட்டுகிறது என்று அதிகாரி சொல்கிறார்; இருவரில் யாரை நம்புவது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி! அந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் டூரிங். அவருடைய நாடே அதனைக் கவனிக்க மறந்தது. மறந்ததற்கு விலை கொடுத்தவர்கள் மந்திரிகள் அல்லர். தபால் நிலையத்தில் உட்கார்ந்து முத்திரை விற்றவர்கள்.

முதலில் மனிதரை அறிவோம்.

ஆலனுடைய தாய் ஈதெல் சாரா ஸ்டோனி, நம் கோவைக்கு அருகே போத்தனூரில் 1881-ல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். துங்கபத்திரைப் பாலம் கட்டியவர். சத்தமின்றிச் சுழலும் பங்காச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து உரிமைப் பட்டயம் பெற்றவர். துரைமாருக்குத் தூக்கம் கலையாமல் பங்கா அசையவேண்டும் என்பதிலே அக்கறை! கயிற்றை இழுத்த கூலிக்காரனின் தூக்கத்தைப் பற்றிப் பட்டயம் வாங்கியவர் எவருமில்லை. தந்தை ஜூலியஸ், ஐ.சி.எஸ். அதிகாரி. ஆக்ஸ்போர்டிலே தமிழ் படித்துத் தேர்வெழுதி, 1896-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். நம் பெரியகுளம் தாலுகாவும், ஒரிசாவின் சத்ரபூரும் ஒரே மாகாணத்தில் அடங்கிய காலம் அது. சத்ரபூரில் தந்தை உத்தியோகம் பார்த்தபோது தாய் கருவுற்றார். மூத்த மகன் ஜான் குன்னூரில் பிறந்தார். இளையவர் ஆலன் மட்டும் லண்டனில் பிறந்தார்.

குழந்தைக்கு ஒரு வயது கடந்ததுமே, இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் கப்பலேறி மாகாணத்துக்குத் திரும்பினார். பேரரசை ஆள வந்தவர்கள் தம் பிள்ளைகளை வளர்க்க முடியாமல் அயலாரிடம் ஒப்படைத்தனர். அந்தப் பிள்ளைகளிலே ஒருவர் ஆலன்.

1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரவேண்டிய நாளில் இங்கிலாந்து முழுவதும் தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சவுத்தாம்ப்டனிலிருந்து அறுபது மைல் சைக்கிள் மிதித்தே பள்ளி சேர்ந்தான். அங்கே லத்தீன் இலக்கணமே படிப்பு என்று கருதிய ஆசிரியர்களுக்கு, கணக்கைக் குறுக்குவழியில் போடும் இந்த மாணவனைப் பிடிக்கவில்லை. மார்க்கம் என்னும் நண்பன் ஒருவனே துணை. அவனும் 1930-ல் நோயில் மடிந்தான். 1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1935-ல், இருபத்திரண்டு வயதில், கல்லூரியின் ஆய்வாளர் பதவி.

1936-ல் ஓர் ஆய்வுரை எழுதினார். கணக்கு என்றால் என்ன? ஒரு குமாஸ்தா காகிதத்திலே கட்டம் கட்டமாக எழுதி, அழித்து, அடுத்த கட்டம் போகிறானே, அதுதானே! அந்தக் குமாஸ்தாவின் வேலையை ஒரு கற்பனைப் பொறிக்குக் கொடுத்தார். எந்தக் கணக்கின் கட்டளையைக் கொடுத்தாலும் அதைச் செய்யக்கூடிய ஒரே பொறி சாத்தியம் என்று காட்டினார். இன்றைய கம்ப்யூட்டர் அந்தக் கற்பனையின் உருவம்தான். ஆனால், அதே உரையிலே ஓர் எல்லையும் போட்டார். எந்தக் கட்டளைத் தொகுப்பைக் கொடுத்தாலும், அது முடிவுக்கு வருமா, முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தப்பாமல் கண்டு சொல்லும் பொதுமுறை எதுவும் இருக்கவே முடியாது என்று நிறுவினார். பொறியைப் படைத்தவரே பொறியின் எல்லையையும் சொன்னார். தம் படைப்பின் குறையைப் படைக்கும் முன்பே சொன்னவர்கள் உலகில் எத்தனை பேர்?

போர் வந்தது. 1939 செப்டம்பர் 4-ல் பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் போய்ச் சேர்ந்தார். ஜெர்மானியர் எனிக்மா என்ற பொறியால் செய்தியை உருமாற்றி அனுப்பினர். அதனை முதலில் உடைத்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள். இதைச் சொல்லாமல் டூரிங்குக்கு மட்டும் மாலை போடுவது நியாயமன்று. ஜெர்மானியர் முறையை மாற்றியபின், டூரிங் புதிய பொறி ஒன்றை வகுத்தார். அதன் தந்திரம் எளிது. பொறியின் அமைப்பு இதுதான் என்று ஒன்றை வைத்துக்கொள். அதிலிருந்து என்ன விளையும் என்று தொடர்ந்து போ. ஓர் எழுத்தே இரண்டு எழுத்தாக மாறியிருக்கவேண்டும் என்ற முரண்பாடு தலைகாட்டினால், அந்த அமைப்பைத் தூக்கி எறி. ஊகத்தை முரண்பாட்டால் கொல்வது! பகுத்தறிவு என்று நாம் மேடையில் முழங்குகிறோமே, அதைப் பித்தளையிலும் கம்பியிலும் வார்த்துக் காட்டினார். அந்த நிலையத்தில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். அவர்கள் இரவும் பகலும் முறை வைத்து உழைக்க, எழுத்தரும் ஆட்களும் போதவில்லை. மேலதிகாரிகளிடம் கேட்டுச் சலித்து, 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று தோழர்களும் பிரதமர் சர்ச்சிலுக்கே நேரில் கடிதம் எழுதினர். ஆட்கள் வந்தனர்.

ஒரு சிறு செய்தி. அவருடைய சைக்கிளின் சங்கிலி அடிக்கடி கழன்றது. வேறொருவராயிருந்தால் கடையில் விட்டிருப்பார். இவர், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழல்கிறது என்று எண்ணினார். கழலவேண்டிய சுற்று வருமுன் சரிசெய்துகொண்டு மேலே போனார் என்பர். கோமாளித்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. நமக்கோ, அந்த மனிதரின் குணமே அதில் தெரிகிறது. ஒரு பொறி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணந்தோறும் அறிந்து வைத்திருக்கவேண்டும். அறியாமல் ஓட்டக்கூடாது.

போருக்குப் பின் லண்டன் அருகே அரசின் பௌதிக ஆய்வுக்கூடம்; பிறகு 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். கற்பனைப் பொறி உண்மைப் பொறியாகிவிட்டது. 1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற பொறி ஓடத் தொடங்கிற்று. அதைக் கட்டிய வில்க்ஸ் என்பாருக்கு அந்த நாட்களிலேயே ஓர் உண்மை உறைத்தது. பொறிக்குக் கட்டளை எழுதுவதைவிட, எழுதிய கட்டளையில் பிழை பொறுக்குவதிலேயே தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி போய்விடும் போலிருக்கிறதே என்ற உண்மை! இன்று பெங்களூரிலும் சென்னையிலும் சாப்ட்வேர் வேலைக்குப் போயிருக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளைக் கேளுங்கள், ஆம் என்பார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 24-ந்தேதி, கேம்பிரிட்ஜ் மாநாட்டில் டூரிங் எழுந்து ஒரு கட்டுரை படித்தார். பெரிய கட்டளைத் தொகுப்பொன்றை, அதாவது இப்போது நாம் புரோகிராம் என்கிறோமே அதை, சரிபார்ப்பது எப்படி என்பதே பொருள். அவர் தொடங்கியது எதில் தெரியுமா? சிறு பள்ளிக்கூடத்துக் கூட்டல் கணக்கில்!

நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். பெரியகுளத்து மாங்காய் மண்டி. ஐந்து வண்டிச் சரக்கு வந்து இறங்குகிறது. எடை முறையே 487, 396, 578, 269, 654 கிலோ. கணக்குப்பிள்ளை மனத்துக்குள் கூட்டி 2,384 என்று சொல்கிறார். விளைவித்தவனுக்குச் சந்தேகம். என்ன செய்வான்? முழுக் கணக்கையும் தானே மறுபடி போடவேண்டும். போடத் தெரியாவிட்டால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடக்கவேண்டியதுதான்.

அதே கணக்குப்பிள்ளை, ஒன்றாம் இடத்தில் 34, நாலைப் போட்டுக் கையில் மூன்று. பத்தாம் இடத்தில் கையிருந்த மூன்றோடு 38, எட்டைப் போட்டுக் கையில் மூன்று. நூறாம் இடத்தில் 23 என்று, கையில் வைத்த எண்களையும் கீழே எழுதிக் காட்டினால்? இப்போது மூன்று சிறுவர்களை அழைத்து ஆளுக்கொரு வரிசை கொடுத்துவிடலாம். ஒருவனுக்கு மற்றவன் வரிசை தெரியவேண்டியதில்லை. ஒவ்வொருவன் வரிசையும் சரியென்றால் மொத்தமும் சரி. ஒருவன் தப்பென்றால், எந்த வரிசையில் தப்பு என்பதும் அங்கேயே தெரிந்துபோகும்.

டூரிங் கேட்டது இதைத்தான். புரோகிராம் எழுதுகிறவன் விடையை மட்டும் நீட்டக்கூடாது. வழியிலே இன்ன இன்ன இடங்களில், பொறியின் நினைவுப் பெட்டிகளில் இன்ன இன்ன எண் இருந்தாகவேண்டும் என்று உறுதிமொழிகளை எழுதி வைக்கவேண்டும். சரிபார்ப்பவன் செய்யவேண்டியது, ஓர் உறுதிமொழி உண்மையாயிருந்தால், நடுவிலுள்ள கட்டளைகள் நிறைவேறியதும் அடுத்த உறுதிமொழியும் உண்மையாகுமா என்று பார்ப்பது மட்டுமே. எழுதியவன் மேதையாயிருக்கலாம், பார்ப்பவன் சாமானியனாயிருந்தால் போதும். தோழர்களே, இதிலுள்ள சமத்துவத்தைக் கவனியுங்கள்! நான் படித்தவன், நம்பு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு புரோகிராமையும் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓர் எண் வரை தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போகும் கணக்கு. ஐந்து வரை பெருக்கினால் 120 வருமே, அது. ஆனால், பெருக்கத் தெரியாத பொறி, கூட்டத்தான் தெரியும். ஆகவே திரும்பத் திரும்பக் கூட்டியே பெருக்கவேண்டும். சுற்றுக்குள்ளே சுற்று. எந்தச் சுற்றில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கவேண்டும் என்று அட்டவணை போட்டார்.

அது முடிவுக்கு வரும் என்பதற்கு என்ன உறுதி? முடிவு தெரியப் பொதுமுறை கிடையாது என்று 1936-ல் நிறுவியவரே அவர்தானே! எல்லாப் புரோகிராமுக்கும் ஒரே மருந்து கிடையாது என்றுதான் அவர் நிறுவியது. நாம் எழுதிய இந்த ஒன்றுக்கு நாமே கணக்குக் காட்டலாம். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் எண்ணைக் காட்டு என்றார். தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டால், புதிதாக ஊற்றாதவரை, எவ்வளவு பெரிய தொட்டியாயினும் ஒருநாள் காலியாகவேண்டும். அவ்வளவுதான் தத்துவம்.

இதற்கு ஏன் இத்தனை பாடு? ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பார் சிலர். இரண்டு பத்து இலக்க எண்களை வாங்கிக்கொள்ளும் ஒரு புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை ஜோடிகளையும், வினாடிக்கு ஒரு கோடி வீதம் போட்டுப் பார்த்தால், பார்த்து முடிக்க மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே சிலவற்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். மற்றவை சரியாயிருக்கும் என்று நம்புகிறார்கள். பத்து மாங்காய் நன்றாயிருந்தால் கூடையே நல்லது என்பது வியாபாரியின் நம்பிக்கை. அதை அறிவியல் என்று சொல்லவேண்டாம்.

மூன்று பக்கக் கட்டுரை மாநாட்டு அறிக்கையில் அச்சாயிற்று. சரிபார்ப்பதைப் பற்றிய அந்தக் கட்டுரையில் மலிந்திருந்தவை எவை தெரியுமா? அச்சுப்பிழைகள்! பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் சிரிப்பதற்குத் துணிவு வரவில்லை. குறியீடுகள் மாறிப்போய், படித்தவர்க்கும் விளங்காத நிலை. ஏறத்தாழ ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதியவரையோ சட்டம் வேட்டையாடியது. 1952-ல் தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிப் போலீசிடம் போனார். போலீஸ் திருடனை விட்டு, அவர் இன்னோர் ஆடவனை நேசித்தார் என்பதைப் பிடித்துக்கொண்டது. யாருக்கும் தீங்கில்லை, எவர் மீதும் பலவந்தமில்லை, எனினும் 1885-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்! சிறையா, ஊசியா என்று கேட்டனர். ஓராண்டுக் காலம் பெண்மைச் சுரப்பு ஊசியேற்றினர். ரகசிய வேலைகளுக்கான அனுமதியையும் பறித்தனர். போரில் நாட்டைக் காத்தவர் என்பதை நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. அது அரசாங்க ரகசியம். இந்த வகைச் சட்டத்தை வெள்ளையர் 1860-லேயே 377-ம் பிரிவாக நம் தலையிலும் கட்டினர். அவர்கள் போனபின்னும் நாம் அதைச் சுமந்தோம். 2018 செப்டம்பரில்தான் உச்சநீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிற்று. எதற்கும் ஆதாரம் காட்டு என்று கேட்ட மனிதரை, எந்த ஆதாரமும் காட்டாத ஒரு வெறுப்பு தண்டித்தது.

1954 ஜூன் 7. வில்ம்ஸ்லோ என்ற ஊரில், தம் வீட்டில், சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. அன்னை, ரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்தென்றே இறுதிவரை நம்பினார். 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசியின் பொதுமன்னிப்பு. 2021-ல் ஐம்பது பவுன் நோட்டில் அவர் முகம். அதே சட்டத்தில் தண்டிக்கப்பட்ட பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர்க்கு 2017 வரை அந்த மன்னிப்பும் இல்லை. பலர் அதற்குள் மண்ணோடு மண்ணாயினர்.

இனி அந்த மூன்று பக்கத்தின் கதை. 1967-ல் அமெரிக்காவில் ஃபிளாயிட், 1969-ல் பெல்ஃபாஸ்டில் ஹோர் என்னும் அறிஞர்கள், ஏறத்தாழ அதே வழியைப் புதிதாய்க் கண்டு, வலுவான விதிகளாக வகுத்தனர். அதற்கென ஒரு துறையே எழுந்தது. நம் சென்னையில் தரமணியிலும் சிறுசேரியிலும் உள்ள கணித நிறுவனங்களில் அதை ஆராய்வோர் இருக்கின்றனர். 1984-ல்தான் மாரிஸ், ஜோன்ஸ் என்ற இருவர் டூரிங்கின் கட்டுரையைத் தேடி எடுத்து, அச்சுப்பிழைகளைக் களைந்து வெளியிட்டு, இதோ இவர் பதினெட்டு ஆண்டு முன்பே சொல்லிவிட்டார் என்று காட்டினர்.

சொன்னதைத் தொழிலில் கடைப்பிடித்தார்களா? சில இடங்களில். பாரிஸ் நகரில் 1998-ல் ஓட்டுநரில்லாத சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. பயணிகளின் உயிரைக் காக்கும் பகுதியை, ஏறத்தாழ 86,000 வரி, கணித நிரூபணத்தோடு எழுதினர். பிறகு சோதித்தபோது அந்தப் பகுதியில் பிழை அகப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 2009-ல் 8,700 வரியுள்ள ஓர் உட்கரு புரோகிராமை முழுதும் நிரூபித்தனர். அதற்கு, இருபது பேர் ஓராண்டு உழைக்கும் அளவு உழைப்பு ஆயிற்று. செலவு பெரிதுதான், மறைக்கவேண்டாம். இன்னொன்றையும் மறைக்கவேண்டாம். பொறி என்ன செய்யவேண்டும் என்று எழுதிய வாசகமே தவறானால், அந்தத் தவறை அப்படியே செய்கிறது என்றுதான் நிரூபணம் காட்டும். தப்பான எடைக்கல்லை வைத்துக் கூட்டல் மட்டும் சரியாகப் போட்டு என்ன பயன்?

ஆனால், செலவுக்கு அஞ்சியவர்கள் கண்டதென்ன? 1985 முதல் 1987 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் பொறியொன்று, புரோகிராம் பிழையால் ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மீறிக் கதிரைக் கொட்டியது, உயிரிழந்தோரும் உண்டு. 1996-ல் ஐரோப்பியரின் ஏரியன்-5 ராக்கெட், பெரிய எண்ணைச் சிறிய பெட்டியில் திணித்த பிழையால், ஒரு நிமிடத்துக்குள் வானிலேயே சிதறியது.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைச் சுடுவது தபால் கதை. பிரிட்டனின் கிளைத் தபால் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்குப் புரோகிராமைப் புகுத்தினர். கிளை நடத்தியவர்கள் சிறு கடைக்காரர்கள்; நம் நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களும் அவர்களில் இருந்தனர். மாலையில் கணக்கு முடித்தால் ஆயிரம் பவுன் குறைகிறது என்று பொறி சொல்லும். கைப்பணத்தைப் போட்டு நிரப்பினர். மறுபடி குறைந்தது. பொறியில் பிழையென்று கதறினர். பொறி தவறாது, நீதான் திருடன் என்றது நிர்வாகம். இங்கிலாந்தின் நீதிமன்ற வழக்கமும் அதற்கேற்ப இருந்தது: கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்ததென்றே முதலில் கொள்ளப்படும், தவறென்று சொல்பவனே அதற்கு ஆதாரம் கொண்டுவரவேண்டும். முத்திரை விற்கும் மனிதன், தான் கண்ணாலும் காணாத புரோகிராமுக்குள் எப்படிப் புகுந்து ஆதாரம் தேடுவான்? கணக்கைக் காட்டவேண்டியவன் எழுதியவன் என்றல்லவா டூரிங் சொன்னார்! இங்கே தலைகீழ்.

900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். பலர் சிறை புகுந்தனர்; வீடும் பெயரும் இழந்தனர்; உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. கிளைக்காரர்கள் ஒன்று திரண்டு வழக்காடி, 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தில் வென்றனர். அந்தப் புரோகிராமில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பாயிற்று. அதற்கப்புறமும் தண்டனைகள் ஒவ்வொன்றாகவே நீங்கின. நாடே கொதித்தபின், 2024 மே 24-ந்தேதி, தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் ஒப்புதல் பெற்றது. கேம்பிரிட்ஜில் டூரிங் தம் மூன்று பக்கங்களைப் படித்து எழுபத்தைந்து ஆண்டு நிறைவதற்கு அன்று சரியாக ஒரு மாதம் இருந்தது.